வீட்டுப் பட்டறைக்கு எத்தனை உவோற்று?



மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கலைப்பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன உரிமை உண்டு என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். நினைப்பதும் நியாயமே. ஆயினும் 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை ஏற்படுத்தப்பட்ட பின்னர், பெற்றோர் அதிபரிடம் கொண்டுவரும் வினாக்களின் தன்மையே மாறிவிட்டது. முன்னர், “என் மகன் கந்தோர் உத்தியோகத்துக்குத் தகுவானா?” என்று கேட்டவர்கள் இன்று, “வீட்டின் பின்புறத்தில் ஒரு பட்டறை போடலாமா? எந்த மெசின் வாங்கலாம்? மூன்று பேஸ் லைன் எடுக்க வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். இவ்வினாக்களுக்கு விடை தேடி, தொழில் அறிந்தவர்களிடம் கேட்டும், எங்கள் விஞ்ஞான ஆசிரியர்களோடு வாதாடியும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. எங்கள் பாடநூல்கள் ‘உவோற்று’ என்று எழுதுவதைக் கடைக்காரர் ‘வோல்ட்’ என்பார். நாம் ‘மீடிறன்’ என்பதை அவர் ‘ஹேர்ட்ஸ்’ என்பார். கடையிலே போய் ‘மீடிறன் யாது?’ என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பாடசாலைச் சொல்லைப் பரீட்சைக்கும் கடைச் சொல்லைக் கடைக்கும் வைத்துக்கொள்வதே புத்தி.

குண்டசாலை கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் உள்ள ஊர். 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், ‘குண்டசாலை அரசன்’ என்றே அவனை மக்கள் அழைத்தனர். மன்னர் போனாலும் கைவினைஞர் போகவில்லை. அயலில் உள்ள நத்தரம்பொத்தையில் இன்றும் மரம் செதுக்குவோரும் பித்தளையும் வெள்ளியும் தட்டுவோரும் வீட்டுத் திண்ணைகளிலே தொழில் செய்கிறார்கள். ஆதலின் வீட்டுப் பட்டறை என்பது எங்கள் ஊரிலே ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மாத்திரம் அன்று. பல குடும்பங்களுக்கு அதுவே அடுப்பு எரிவதற்கு வழி.

மின்சாரத்துக்கும் எங்களுக்கும் குறைவில்லாத உறவு உண்டு. 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரத்தை விளக்கி இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டில் இலக்சபான மின்னிலையமாக உருவெடுத்தது. 1953இல் அவர் மறைவதற்கு முன் அதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. பின்னர் 1976இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீர் சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்குத் திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. அதன் மின்னிலையம் 210,000 கிலோவாற்று வலுவுடையது. இவ்வளவும் எங்கள் கண்ணெதிரே இருந்தும், மாலை ஏழு மணிக்கு ஊரின் கடைசித் தூணில் உள்ள வீட்டிலே மின்குமிழ் மங்கித்தான் எரிகிறது. ஆற்றின் அருகே குடியிருந்தும் குழாயில் நீர் வராத கதை இது. அதன் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 உவோற்று, 50 மீடிறன் உடைய ஆடலோட்டம். இதில் நூற்றுக்கு ஆறு பங்கு கூடவோ குறையவோ விதிமுறை இடங்கொடுக்கிறது. அஃதாவது 216 உவோற்று முதல் 244 உவோற்று வரை வந்தால் முறைப்பாட்டுக்கு இடமில்லை. மூன்று பேஸ் இணைப்பாயின், ஒவ்வொரு பேஸுக்கும் நியூற்றலுக்கும் இடையே அதே 230 உவோற்றும், ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்கும் இடையே 400 உவோற்றும் இருக்கும். ஏன் 460 அன்று, 400 என்று மாணவர் கேட்பதுண்டு. மூன்று அலைகளும் ஒரே வேளையில் உச்சிக்குப் போவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே போகின்றன. ஆகவே 230ஐ இரண்டால் அன்றி, மூன்றின் வர்க்கமூலத்தாற் பெருக்க வேண்டும். இதற்கு மேல் என்னைக் கேளாதீர்கள். கணித ஆசிரியரைக் கேளுங்கள்.

உலகெங்கும் ஒரே அழுத்தம் ஏன் இல்லை? எடிசன் தம் கரியிழை விளக்குகளுக்கு 110 உவோற்று அளவான அழுத்தமே தக்கது எனக் கண்டு அதையே அமெரிக்காவில் வழங்கினார். அதன் வழித்தோன்றலே இன்று அங்குள்ள 120 உவோற்று. ஐரோப்பாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அழுத்தத்தை இரட்டித்தால் அதே செப்புக்கம்பியில் பன்மடங்கு வலுவைக் கொண்டுசெல்லலாம் என்று கண்டு 220க்கு மாறினார்கள். நாம் பிரித்தானியரின் வழியில் வந்தவர்கள். ஆதலின் உயர்ந்த அழுத்தமே நமக்கு வாய்த்தது. யப்பானோ இன்னும் 100 உவோற்றில் நிற்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை: 1890களில் தோக்கியோ செர்மனியிலிருந்து மின்பிறப்பாக்கிகளை வாங்கியது, ஒசாக்கா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அதன் பயனாக இன்றும் அந்நாட்டின் கிழக்கே 50 மீடிறனும் மேற்கே 60 மீடிறனும் ஓடுகின்றன. ஒருகாலத்துக் கொள்வனவு ஒரு நாட்டை நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிப்போடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

உயர்ந்த அழுத்தத்தால் வரும் நன்மை யாது? இதைக் கணக்கிட்டே பார்ப்போம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். 1,150 உவாற்று வலுவுள்ள ஒரு மின்வாளை எடுத்துக்கொள்ளுங்கள். 230 உவோற்றில் அது 5 அம்பியர் ஓட்டத்தை இழுக்கும். அதே வலுவுள்ள வாள் 115 உவோற்றுக்கு அமைந்ததாயின் 10 அம்பியர் இழுக்கும். இனி, வீட்டின் தலைமை ஆளியிலிருந்து பின்வளவுப் பட்டறை 30 மீற்றர் தூரத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். ஓட்டம் போகவும் வரவும் வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 60 மீற்றர். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ முக்கால் ஓம். 5 அம்பியர் ஓடும்போது வழியிலே கழிவது மூன்றரை உவோற்றுக்குச் சற்று அதிகம். 230இல் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 அம்பியர் ஓடும்போது கழிவது ஏழு உவோற்றுக்கு மேல். 115இல் அது நூற்றுக்கு ஆறு பங்குக்கு அதிகம். கம்பியிலே வெப்பமாக வீணாகும் வலுவோ, முதலாவதில் 18 உவாற்று. இரண்டாவதில் 72 உவாற்று. ஓட்டம் இரண்டு மடங்கானால் வீண்வெப்பம் நான்கு மடங்காகிறது என்பதே இதன் சாரம். இந்த வெப்பந்தான், காவலி கிழிந்த பழைய கம்பியிலே தீயாக மாறுகிறது. ஒரே இணைப்பிலிருந்து பல காம்பராக்களுக்குக் கம்பி இழுத்திருக்கும் பழைய லயங்களிலே இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

ஆகவே, கம்பியின் சார்பிலே பார்த்தால் 230 உவோற்றே மேல். அப்படியாயின் குறைந்த அழுத்தத்தைப் பற்றிய பேச்சு ஏன் எழுகிறது?

எழுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கடல் கடந்து வரும் கருவிகள். யப்பானிலிருந்து பழைய வாகனங்களோடு பழைய மின்கருவிகளும் வருகின்றன. கனடாவிலிருந்து உறவினர் விடுமுறைக்கு வரும்போது பெட்டியிலே ஒரு நல்ல துளைகருவியைக் கொண்டுவருகிறார்கள். யப்பானியக் கருவி 100 உவோற்று. கனடாக் கருவி 120 உவோற்று. இரண்டும் நல்ல உருக்கு, நல்ல வேலைப்பாடு, விலையும் பாதி. ஏழைத் தொழிலாளிக்கு ஆசை வராமல் இருக்குமா? மற்றொரு காரணம், குறைந்த அழுத்தம் ஆளைக் கொல்லாது என்னும் நம்பிக்கை.

என்னிடம் கற்ற ஒருவர் இப்பொழுது நத்தரம்பொத்தைப் பக்கத்தில் மரம் செதுக்கும் தொழில் செய்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தோடு ஒருநாள் என்னைக் காண வந்தார். பழைய யப்பானிய வட்டவாள் ஒன்றும், இழைக்கும் மெசின் ஒன்றும், இரண்டுக்கும் பொதுவாக மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி. “சேர், நூறு வோல்ட் என்றால் பிடித்தாலும் சும்மா ஒரு உதறல்தானாம். பக்கத்தில் பிள்ளைகள் ஓடித் திரிகிறதுகள்; அதுதான் நல்லதென்று யோசித்தேன்” என்றார். நகை ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகளைக் காக்கும் என்று எண்ணியே அவர் அந்தப் பெட்டியை நாடினார் என்பது என் மனத்தைத் தொட்டது. அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

ஆளைக் கொல்வது உடலினூடே ஓடும் ஓட்டம். ஒரு கையிலிருந்து மறுகைக்கு, வியர்வையுள்ள உடலின் தடையை ஏறத்தாழ ஆயிரம் ஓம் எனக் கொள்வர். நனைந்திருந்தால் இன்னும் குறையும். 230 உவோற்று இந்தத் தடையினூடே 230 மில்லி அம்பியரைச் செலுத்தும். 100 உவோற்று 100 மில்லி அம்பியரைச் செலுத்தும். இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு இதனிற் பாதியே, சில விநாடி நேரம் ஓடினால், போதுமானது. ஆகவே 230ஐவிட 100 உவோற்று ஆபத்திற் குறைந்தது என்று சொல்லலாமே அன்றி, ஆபத்தற்றது என்று சொல்ல ஒருபோதும் இயலாது. 120 உவோற்று வழங்கும் அமெரிக்காவிலும் மின்தாக்கி இறப்போர் இருக்கிறார்கள்.

“ஆனால் இங்கிலாந்திலே கட்டட வேலைத்தளங்களில் 110 உவோற்றுக் கருவிகளைத்தானே பாதுகாப்புக்காகப் பயன்படுத்துகிறார்கள்?” என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டார். உண்மைதான். அங்கே மஞ்சள் நிறப் பெட்டிகளிலே நிலைமாற்றியை வைத்திருப்பார்கள். ஆயினும் அந்தப் பாதுகாப்பு 110 என்னும் எண்ணிலே இல்லை. அந்த நிலைமாற்றியின் வெளிச்சுருள் உட்சுருளோடு தொடர்பில்லாதது. அதன் நடுப்புள்ளி புவியோடு இணைக்கப்பட்டது. ஆகவே கருவிக்கு 110 உவோற்று கிடைத்தாலும், எந்த ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 55 உவோற்றே இருக்கும். நிலத்தில் நிற்பவன் ஒரு கம்பியைத் தொட்டால் அவனைத் தாக்குவது அந்த 55தான்.

நம் கடைகளில் மலிவாக விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் அத்தகையன அல்ல. அவற்றுள்ளே இருப்பது ஒரே சுருள். அதன் இடையிலே ஒரு கம்பியை எடுத்து 100 அல்லது 110 உவோற்று என்று தருகிறார்கள். ஒரு முனை இரு பக்கத்துக்கும் பொது. அந்தப் பொதுமுனை நியூற்றலாக இருக்கும்வரை நிலைமை ஓரளவு ஒழுங்காக இருக்கும். இரண்டு முனைச் செருகியைத் தலைமாற்றிச் செருகினாலோ, குதையிலே கம்பிகள் மாறியிருந்தாலோ, பொதுமுனை உயிருள்ள கம்பியாகிவிடும். அப்பொழுது ‘நூறு வோல்ட்’ கருவியின் ஒரு கம்பி நிலத்தைப் பொறுத்து முழு 230 உவோற்றில் நிற்கும். சும்மா ஓர் உதறல் என்று நம்பிப் பிடிப்பவனுக்கு அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேலும், யப்பானியக் கருவிகள் பலவற்றில் புவிக்கம்பி செருகியின் பக்கத்திலே தனியே ஒரு பச்சை வாலாகத் தொங்கும். நம்மவர்கள் அதை எங்கே இணைப்பது என்று தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். உலோக உடலுள்ள ஒரு கருவியிலே அந்த வாலை வெட்டுவது, கிணற்றுக் கட்டை இடித்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுவதற்குச் சமம்.

இனி மீடிறனைப் பாருங்கள். பெட்டி அழுத்தத்தைக் குறைக்கும், மீடிறனை மாற்றாது. கையிலே பிடிக்கும் துளைகருவி, கிரைண்டர் முதலியவற்றில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டரே இருக்கிறது. அது 50 மீடிறனிலும் 60 மீடிறனிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஓடும். நிலத்திலே ஊன்றிய வாள்மேசை, கடைசல் மெசின், காற்றமுக்கி ஆகியவற்றிலோ தூண்டல் மோட்டர் இருக்கும். அதன் வேகம் மீடிறனுக்குக் கட்டுப்பட்டது. 60 மீடிறனில் நிமிடத்துக்கு 1,800 சுற்றை ஒட்டி ஓட அமைந்த மோட்டர் இங்கே 1,500ஐ ஒட்டியே ஓடும். மெதுவாக ஓடுவது மட்டுமானால் கப்பியை மாற்றிக்கொள்ளலாம். அதே அழுத்தத்தைக் குறைந்த மீடிறனிலே கொடுக்கும்போது அதன் இரும்பகணி காந்தத்தால் நிறைந்து, மோட்டர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். சில மாதங்களில் சுருள் கருகும். கனடாவிலிருந்து கப்பலில் வந்த மேசைவாள்களிற் சில இப்படித்தான் கொட்டிலின் மூலையிலே கோழி அடைகாக்கும் இடமாக முடிகின்றன. தகட்டிலே ‘50/60’ என்று எழுதியிருந்தால் அச்சமில்லை. ‘60’ என்று மட்டும் இருந்தால் உறவினருக்கு நன்றி சொல்லிவிட்டு, மோட்டரை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுவே: யப்பானியக் கருவிகளையும் பெட்டியையும் விட்டுவிட்டு, 230 உவோற்று, 50 மீடிறன் என்று தகட்டிற் பொறித்த கருவி ஒன்றை மட்டும் இப்பொழுது வாங்குங்கள். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த அடையாளம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இரட்டைக் காவலியின் அடையாளம். அத்தகைய கருவிக்குப் புவிக்கம்பி வேண்டியதில்லை. மீதிப் பணத்தைப் பட்டறைக்குப் போகும் கம்பியிலே செலவிடுங்கள். இரண்டரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பி, அதற்கெனத் தனிச் சுற்றுடைப்பான், 13 அம்பியர்ச் சதுரமுனைக் குதைகள், வீட்டிலே நல்ல டிரிப் சுவிச்சு. செலவுப் பட்டியலிலே இக்கடைசிப் பொருளை வெட்டுவோர் பலர். 30 மில்லி அம்பியர் ஓட்டம் வழிதவறி நிலத்துக்குப் போனால் கண் இமைக்கும் பொழுதுக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது அது. அழுத்தத்தைக் குறைத்துப் பெற நினைத்த பாதுகாப்பை, அழுத்தத்தைக் குறைக்காமலே பெறுவதற்கு இதுவே வழி. அதன் முகத்திலே ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். நம் நாட்டிலே வீட்டுக்கு வீடு நிலத்தில் ஊன்றிய செப்புக்கோலே புவித்தொடுப்பாக இருக்கிறது. கண்டி நகரைவிடக் குண்டசாலைப் பக்கம் வறட்சியானது. வெயிற்காலத்திலே காய்ந்த மண் ஓட்டத்தை எளிதில் ஏற்காது. கோல் மட்டும் இருந்து டிரிப் சுவிச்சு இல்லாத வீட்டை நான் பாதுகாப்பான வீடு என்று சொல்லமாட்டேன்.

மூன்று பேஸ் இணைப்புப் பற்றி ஊரிலே ஒரு மயக்கம் உண்டு. மதிலிலே மூன்று பேஸ் மீற்றர் இருந்தால் அந்த வீட்டுக்குத் தனி மதிப்பு. மணப்பேச்சிலும் அது ஒரு தகுதியாக வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்! நன்மை உண்டென்பதை மறுக்கவில்லை. மூன்று பேஸ் மோட்டருக்குக் கொள்ளளவி வேண்டாம், அதிர்வின்றி ஓடும், இரண்டு கம்பிகளை இடம்மாற்றினால் எதிர்த்திசையிற் சுழலும், பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் தேவையையே முதலில் அளக்க வேண்டும். ஒரு பேஸில் 30 அம்பியர் இணைப்பு 6,900 உவாற்று வரை தரும். ஒருவர் மட்டும் வேலை செய்யும் பட்டறையிலே ஒரே வேளையில் எத்தனை மெசின்கள் ஓடும்? வாள் ஒன்று, தூசு உறிஞ்சுவது ஒன்று. இரண்டு குதிரைவலு வரையான மோட்டர்களுக்கு ஒரு பேஸ் தாராளமாகப் போதும்.

மூன்று குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள பெரிய இழைப்பு மெசின் வருமானால் நிலைமை வேறு. தூண்டல் மோட்டர் புறப்படும்போது, ஓடும் ஓட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். ஒரு பேஸிலே அப்பெரு மோட்டரை முடுக்கினால் உங்கள் வீட்டு விளக்கு மட்டுமன்று, அயல்வீட்டு விளக்கும் கண்சிமிட்டும்; அயலாரின் அன்பும் குறையும். அத்தகையோர் மூன்று பேஸ் இணைப்பை எடுக்கவே வேண்டும். எடுத்தபின், நியூற்றல் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு பார்க்கவேண்டும். மூன்று பேஸ் வீட்டிலே நியூற்றல் அறுந்தால், ஒரு பேஸிலுள்ள 230 உவோற்றுக் கருவிக்கு 400ஐ நெருங்கிய அழுத்தம் போகக்கூடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நம்மவரிற் பலர் அதை அறியார். சிறிய மூன்று பேஸ் மோட்டர்கள் பலவற்றின் தகட்டிலே ‘230/400’ என்று இரண்டு எண்கள் இருக்கும். மின்னியலாளர் ‘டெல்ரா’ என்று சொல்லும் முறையில் உள்ளே இணைத்தால் அது 230க்கும், ‘ஸ்டார்’ என்னும் முறையில் இணைத்தால் 400க்கும் ஏற்றது. ஒரு பேஸ் மின்சாரத்தை வாங்கி 230 உவோற்று மூன்று பேஸாக மாற்றித்தரும் மின்னணுக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. கடைகளிலே ‘டிரைவ்’ என்பர். அதனோடு டெல்ரா முறையில் இணைத்த மோட்டர் மெல்லப் புறப்படும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். கடைசல் வேலை செய்வோருக்கு இது பெரும் வரப்பிரசாதம். புதிய இணைப்புக்குரிய கட்டணமும் தூணும் கம்பியும் மிச்சம். இதை வாங்க எண்ணுவோர், டிரைவின் வலு மோட்டரின் வலுவுக்குக் குறையாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மாதிரி டிரிப் சுவிச்சு சில வேளை அதனோடு ஒத்துப்போகாமல் விழும் என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மாலை மங்கலைப் பற்றி முன்னர் சொல்வதாகக் கூறினேன். மின்னிலையத்திலிருந்து இலட்சக்கணக்கான உவோற்றிலே புறப்படும் மின்சாரம் வழிவழியே குறைக்கப்பட்டு, ஊரின் நிலைமாற்றியிலிருந்து 400, 230 ஆக வெளிவருகிறது. அங்கிருந்து மலைச்சரிவிலே நீண்டு செல்லும் கம்பியின் தடை, நாம் முன்பு போட்ட அதே கணக்கின்படி அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. எல்லாரும் அடுப்பும் விளக்கும் போடும் வேளையில் ஓட்டம் மிகும். கடைசி வீட்டுக்கு 190 உவோற்று வந்தால் அதுவே பெரிது. தூண்டல் மோட்டரின் முறுக்கு வலிமை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. 190 உவோற்றிலே அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மரத்திலே வாள் சிக்கும், மோட்டர் முனகும், சூடேறும். இதற்கு நான் கண்ட மலிவான மருந்து நேரத்தை மாற்றுவதே. கனத்த வேலையைக் காலையில் வைத்து, செதுக்குதலையும் மெருகிடுதலையும் மாலைக்கு ஒதுக்குங்கள். 216க்குக் கீழே நாளும் இறங்குமானால் அளந்து குறித்து, மின் வழங்குவோருக்கு எழுத்தில் முறையிடுங்கள். திகதியும் நேரமும் அளவும் இட்ட கடிதத்துக்கு, ‘லைட் எரியவில்லை’ என்னும் தொலைபேசி அழைப்பைவிட மதிப்பு உண்டு. நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரை வளையமாகச் சுற்றியபடியே பயன்படுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். மெல்லிய கம்பி அழுத்தத்தையும் தின்னும். சுற்றிய நிலையிலே தன் வெப்பத்தைத் தானே அடைகாத்து உருகும்.

மின்கலக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் சொன்னபோது, கொழும்பிலே சிரித்தார்கள். குரங்குகளோடு குடித்தனம் நடத்தும் எங்கள் ஊரிலே ஒருவரும் வியக்கவில்லை. அத்தகைய நாட்களில் 18 உவோற்று மின்கலத் துளைகருவி கைகொடுக்கிறது. அந்த அழுத்தம் வறண்ட கையைத் தாக்காது. கம்பி காலிலே தடுக்காது. மழையீரத்திலே உயிருக்கு அச்சமில்லை. ஆனால் 18 உவோற்று, 4 அம்பியர்மணி மின்கலத்தில் அடங்கியிருப்பது 72 உவாற்றுமணியே. நாம் எடுத்துக்கொண்ட 1,150 உவாற்று வாளை அது நான்கு நிமிடம்கூட முழுவலுவில் ஓட்டாது. துளையிடவும் திருகாணி முடுக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பலகை அறுப்பதற்குச் சுவரிலே வரும் 230 உவோற்றுத்தான். மின்கலத்தின் விலையையும் கருவியின் விலையையும் சேர்த்துக் கேட்ட பின்பே முடிவு செய்யுங்கள். ‘வெறும் உடல்’ மட்டும் என்று மலிவாகச் சொல்லி விற்பதும் உண்டு.

இறுதியாக, மலைநாட்டில் உள்ளோருக்கு ஒரு குறிப்பு. மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலிலே இடிமின்னல் மிகுதி. மேற்கே முகில் கறுத்துவரும்போது பட்டறை ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. டிரிப் சுவிச்சோ உருகியோ மின்னலுக்குத் தடையாகா. முதல் இடி கேட்பதற்கு முன்னரே, டிரைவ் முதலிய மின்னணுக் கருவிகளின் செருகியைக் குதையிலிருந்து கழற்றி, ஒரு முழத் தூரத்துக்கு அப்பால் வைத்துவிடுங்கள். முகில் கலைந்தபின் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை கைவாளும் உளியும் இருக்கவே இருக்கின்றன.